திரையும் தரையும்



2015 ஆகஸ்ட் 26. பெய்ஜிங்கின் 'பறவைக்கூடு' அரங்கில் உலகத் தடகளப் போட்டியின் ஈட்டி எறிதல் இறுதிச் சுற்று. கென்யாவின் ஜூலியஸ் யேகோ மூன்றாவது வாய்ப்பில் எறிந்த ஈட்டி 92.72 மீட்டர் போய் விழுந்தது. இன்றைய வடிவ ஈட்டியில் அதைவிடத் தொலைவு எறிந்தவர்கள் அன்றுவரை உலகத்தில் இரண்டே பேர். வெள்ளி வென்ற எகிப்து வீரர் மூன்றரை மீட்டருக்கும் மேல் பின்தங்கியிருந்தார்.

தங்கம் வென்றவருக்கு அப்போதே ஒரு பட்டப்பெயர் உண்டு: 'மிஸ்டர் யூடியூப்'. ஈட்டி எறியும் முறையை அவர் பெரும்பாலும் யூடியூபில் பார்த்துப் பழகியவர்.

கென்யா ஓட்டக்காரர்களின் நாடு. நெடுந்தூர ஓட்டத்துக்கு அங்கே வழிகாட்ட ஆள் நிறைய, ஈட்டிக்கு ஆளில்லை. நந்தி மாவட்டத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளையான யேகோ, சிறுவயதில் மரக்கொம்பைச் சீவி ஈட்டியாக்கி எறிந்தவர். பிறகு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இருவரைப் பார்க்கத் தொடங்கினார். ஒருவர் செக் நாட்டு யான் ஷெலஸ்னி. 1996இல் அவர் எறிந்த 98.48 மீட்டரை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. இன்னொருவர் நார்வேயின் ஆண்ட்ரியாஸ் தோர்கில்ட்சன். 2004, 2008 ஒலிம்பிக் இரண்டிலும் தங்கம் வாங்கியவர்.

ஈட்டி எறிதலை மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. ஓடி வருகிறார், பக்கவாட்டில் திரும்பிக் கால்களைக் குறுக்கே வைத்துச் சில எட்டுகள், முன்கால் தரையில் ஊன்றுகிறது, கை சுழல்கிறது, 800 கிராம் ஈட்டி பறந்துவிடுகிறது. கடைசி இரண்டு எட்டில் எல்லாம் நடந்து முடிந்துவிடும். அந்த இரண்டு எட்டை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்க்கும் வசதியைத் திரை தருகிறது. ஊன்றிய முன்கால் மடங்குகிறதா, முழங்கை தோளுக்கு மேலே இருக்கிறதா, இடுப்பு முந்துகிறதா தோள் முந்துகிறதா என்பதை ஒரு மாணவர் தம் வேகத்தில் பார்த்துக்கொள்ளலாம். எந்த ஆசிரியரும் ஒரே அசைவை ஐம்பது முறை சலிக்காமல் செய்து காட்ட மாட்டார்.

யேகோ பார்த்ததோடு நிற்கவில்லை. பார்த்ததை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார், எறிந்தார், எங்கே விழுந்தது என்று பார்த்தார். பார்த்தது உடம்பில் ஏறியிருக்கிறதா இல்லையா என்பதை ஈட்டி விழுந்த இடம் சொன்னது. அந்தத் தரை இல்லாமல் போயிருந்தால் அந்தத் திரைக்குப் பயன் இருந்திருக்காது.

அவருடைய கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. பல செய்திகளில் அது ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. 2011இல் மொசாம்பிக்கின் மபூட்டோவில் நடந்த ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற பிறகு, சர்வதேசத் தடகளச் சங்கத்தின் உதவித்தொகையில் ஃபின்லாந்தின் குவோர்டானே பயிற்சி மையத்துக்குப் போனார். ஈட்டி எறிதலில் ஃபின்லாந்து பெரிய பள்ளிக்கூடம். அங்கே பெட்டேரி பீரோனென் என்ற பயிற்சியாளர் அவருக்குக் கிடைத்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்குப் போனார். 2013 மாஸ்கோ உலகப் போட்டியில் நான்காம் இடம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் தங்கம். அதற்கடுத்த ஆண்டுதான் பெய்ஜிங். திரை அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டியிருந்தது.

நம் நாட்டு நீரஜ் சோப்ராவும் இளவயதில் ஷெலஸ்னியின் வீடியோக்களைப் பார்த்து வளர்ந்தவர்தான். 2024 நவம்பரில் அதே ஷெலஸ்னி அவருக்குப் பயிற்சியாளரானார். 2025 மே மாதம் தோஹாவில் நீரஜ் முதன்முறையாக 90 மீட்டரைத் தாண்டினார்: 90.23.

இந்த உதாரணங்களை முதலில் எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. வீடியோ கேமும் சமூக ஊடகமும் பிள்ளைகளைக் கெடுக்கின்றனவா, வளர்க்கின்றனவா என்ற விவாதம் நம் வீடுகளில் 'எத்தனை மணி நேரம்' என்ற ஒற்றைக் கேள்வியில் போய் முட்டி நிற்கிறது. அந்தக் கேள்வி தேவைதான். தூக்கத்தையும் கண்ணையும் காப்பாற்ற அது வேண்டும். ஆனால் ஒரு மாணவர் எதைக் கற்றார் என்பதை அதை வைத்து அறிய முடியாது. அதற்குக் கேட்க வேண்டியது வேறு: பார்த்த பிறகு என்ன செய்தாய்? நீ செய்தது சரியா தவறா என்று உனக்கு எது சொன்னது?

பார்ப்பதன் ஆபத்தைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டஸும் எட் ஓப்ரையனும் 2018இல் வெளியிட்டது. மேசை விரிப்பை, மேலே இருக்கும் பாத்திரங்கள் அசையாமல் சட்டென உருவும் வித்தையின் வீடியோவைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு இருபது முறையும் காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்களுக்குத் தங்களாலும் முடியும் என்ற நம்பிக்கை ஏறியிருந்தது. மைக்கேல் ஜாக்சனின் 'மூன்வாக்' நடை, டார்ட் அம்பு எறிதல் என்று மற்றச் சோதனைகளில் அவர்களையே செய்யச் சொன்னபோது, பலமுறை பார்த்தவர்கள் ஒருமுறை பார்த்தவர்களைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை. ஏறியது நம்பிக்கை மட்டும். கட்டைகளை வீசிப் பிடிக்கும் வித்தையைப் பார்த்தவர்களிடம் அந்தக் கட்டைகளைச் சற்று நேரம் கையில் கொடுத்தார்கள். கையில் கனம் தெரிந்ததும் அந்த நம்பிக்கை இறங்கிவிட்டது.

வகுப்பறையிலும் இப்படியொன்று நடக்கிறது. ஹார்வர்டில் லூயி டெலோரியே குழுவினர் 2019இல் வெளியிட்ட இயற்பியல் வகுப்புச் சோதனையில், தேர்ந்த பேச்சாளரின் தெளிவான விரிவுரையைக் கேட்ட மாணவர்கள் தாங்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். அதே பாடத்தைத் தாங்களே கணக்குப் போட்டு, திணறி, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக் கற்றவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வு வைத்தபோது திணறியவர்களே அதிக மதிப்பெண் எடுத்தார்கள். பளிச்சென்று எடுக்கப்பட்ட பத்து நிமிடப் பாட வீடியோவை முடித்ததும் மாணவருக்கு வரும் 'புரிந்துவிட்டது' என்ற நிறைவை இந்த ஆய்வோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மேடைப் பேச்சுக்கும் அது பொருந்தும்.

இந்த இடத்தில் வீடியோ கேமுக்கு ஒரு சிறப்பு உண்டு. அது மாணவரைச் சும்மா உட்கார விடாது. செய்ய வைக்கும், செய்ததற்கு உடனே பதில் சொல்லும்.

மெக்சிகோ நகரில் 'ஸ்குவாட்' என்றொரு நிறுவனம் இருந்தது. விளையாட்டு உருவாக்குவது அதன் தொழிலே அல்ல. அங்கே வேலை பார்த்த ஃபெலிப்பே ஃபலாங்கே என்பவரின் ஆசையால் 2011இல் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' வெளிவந்தது. பச்சை நிறக் குட்டி மனிதர்களை ராக்கெட்டில் ஏற்றி விண்ணுக்கு அனுப்பும் விளையாட்டு. ராக்கெட்டை ஆடுபவரே பாகம் பாகமாகப் பூட்ட வேண்டும். எரிபொருளைக் கூட்டினால் எடை கூடும். எடை கூடினால் உந்துவிசை போதாது. எஞ்சினைக் கூட்டினால் எரிபொருள் இன்னும் வேண்டும். முதல் ராக்கெட் பெரும்பாலும் ஏவுதளத்திலேயே கவிழ்ந்துவிடும். பாடப்புத்தகத்தில் நியூட்டனின் விதியை எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கிய மாணவருக்கு, அந்த விதியோடு மோதிப் பார்க்கும் வாய்ப்பு இங்கேதான் முதன்முதலாகக் கிடைக்கிறது.

அதில் ஒரு கட்டம் வரும். ஒரே சுற்றுப்பாதையில் நமக்கு முன்னால் ஒரு விண்கலம் போகிறது. அதைப் போய்ப் பிடிக்க வேண்டும். சாலையில் வண்டி ஓட்டிப் பழகிய மூளை, வேகத்தைக் கூட்டு என்கிறது. கூட்டினால் நம் பாதை உயர்ந்துவிடும். உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு நேரம் அதிகம். முன்னால் போனது இன்னும் தள்ளிப்போகும். வேகத்தைக் குறைத்தால் பாதை தாழும். தாழ்ந்த பாதையில் சுற்று சீக்கிரம் முடியும். அப்படித்தான் எட்டிப் பிடிக்க முடியும். பிடிக்க வேண்டுமென்றால் பிரேக் போட வேண்டும்! இதைக் காதால் கேட்டு நம்புவது எளிதல்ல. ஆடித் தோற்றவர்கள் மறப்பதில்லை.

இதில் தோற்றவர்கள் பட்டியலில் பெரிய பெயர்கள் உண்டு. 1965 ஜூன் 3 அன்று புறப்பட்ட ஜெமினி 4 விண்கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட் இருந்தார். அமெரிக்கர்களில் முதலில் விண்வெளியில் நடந்த எட் வைட்டும் உடனிருந்தார். தங்களைத் தூக்கிவிட்டுத் தனியே பிரிந்த டைட்டன் ராக்கெட்டின் மேல்பகுதியை நெருங்கிப் போக வேண்டும் என்பது திட்டம். மெக்டிவிட் அதை நோக்கிக் கலத்தைச் செலுத்தினார். அது விலகிப் போனது. மறுபடி செலுத்தினார், மறுபடி விலகியது. எரிபொருள் கரைந்ததால் முயற்சியைக் கைவிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே பஸ் ஆல்ட்ரின் எம்.ஐ.டி.யில் இதே பொருளில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். கணக்கு எழுதப்பட்டுவிட்டது, விமானியின் கைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 15இல்தான் ஜெமினி 6ஏ, ஜெமினி 7 கலங்கள் ஒன்றையொன்று ஓரடி தூரம்வரை நெருங்கிப் பறந்தன. இன்று பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு மாலையில் மெக்டிவிட்டின் தவறைச் செய்து, அன்றிரவே திருத்திக்கொள்ளலாம்.

இங்கே விளையாட்டும் சமூக ஊடகமும் கைகோத்தன. விளையாட்டில் மாட்டிக்கொண்டவர்கள் ஸ்காட் மேன்லியின் யூடியூப் வீடியோக்களைத் தேடிப் போனார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்து வானியல் படித்த அவர், ஆட்டத்தின் கட்டங்களை உண்மையான விண்வெளிப் பயணங்களோடு இணைத்து விளக்கினார். தோல்வி முதலில் வந்தது; கேள்வி அதிலிருந்து பிறந்தது; வீடியோ மூன்றாவதாக வந்தது. அந்த வரிசையில் வந்ததால்தான் வீடியோ மனத்தில் தங்கியது. வகுப்பில் நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: கேள்வி எழாத மாணவருக்கு முதலில் விளக்கத்தைக் கொடுக்கிறோம்.

விளையாட்டு பொய்யும் சொல்லும். கெர்பல்களின் கிரகத்துக்கு ஆரம் 600 கிலோமீட்டர், பூமிக்கு 6,371. ஆகவே அங்கே சுற்றுப்பாதைக்குப் போக நொடிக்குச் சுமார் 2.3 கிலோமீட்டர் வேகம் போதும், இங்கே 7.8 வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பை மட்டுமே அது கணக்கில் எடுக்கிறது. ஆடுவதை எளிதாக்கச் செய்த மாற்றங்கள் இவை, குறையில்லை. ஆனால் எது எளிதாக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல மாணவரின் பக்கத்தில் ஒருவர் வேண்டும். இயற்பியல் ஆசிரியருக்கு அந்த விளையாட்டை ஆடத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. '600 ஏன், 6,371 ஏன்' என்ற ஒரு கேள்வியை வைத்து அவர் இரண்டு பீரியட் நடத்தலாம்.

விளையாட்டிலிருந்து தரைக்கு இறங்கியவர்களில் அதிகம் பேசப்பட்டவர் யான் மார்டன்பரோ. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் வளர்ந்தவர். 'கிரான் டூரிஸ்மோ' கார்ப் பந்தய விளையாட்டில் கெட்டிக்காரர். அந்த விளையாட்டின் திறமைசாலிகளை நிஜப் பந்தய ஓட்டுநராக்க நிசானும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து நடத்திய 'ஜி.டி. அகாடமி' போட்டியில் 2011இல் சுமார் 90,000 பேரை முந்தி வென்றார். அப்போது வயது 19. அடுத்த ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டினார். 2013இல் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. 2023இல் இது ஹாலிவுட் படமாகவும் வந்தது.

பந்தயத்தடத்தின் வளைவுகள், எந்தப் புள்ளியில் பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் திரும்புவது என்பவை அவருக்கு விளையாட்டிலிருந்தே தெரிந்திருந்தன. கழுத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் விசையும், காருக்குள் கொதிக்கும் வெப்பமும், பக்கத்துக் காரில் இருப்பதும் ஓர் உயிர் என்ற அச்சமும் திரையில் இல்லை. அவற்றுக்காகவே போட்டியில் வென்றவர்களுக்கு நிஜக் காரில் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள்.

2015 மார்ச் மாதம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் அவர் ஓட்டிய கார் மேடொன்றில் காற்றில் எழும்பி, வேலியைத் தாண்டிப் பார்வையாளர்கள் நின்ற பகுதியில் விழுந்தது. ஒருவர் உயிரிழந்தார். படத்தில் இந்த விபத்தை 2013 லெ மான் பந்தயத்துக்கு முன்னால் நடந்ததுபோல நகர்த்திவைத்தார்கள். நாயகன் துயரத்திலிருந்து எழுந்து வெற்றி பெறுவதாகக் காட்டுவதற்கு அது வசதியாக இருந்தது. அதை விமர்சித்தவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரு மனிதரின் சாவு கதையின் வசதிக்கு இடம் மாற்றக்கூடியது அல்ல. விளையாட்டில் கவிழ்ந்த காரை ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி தொடக்கக் கோட்டில் நிறுத்தலாம். கற்பதற்கு அந்தப் பொத்தான் பெரிய வரம். அது வெளியே இல்லை என்பதையும் அதே மாணவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

கல்விக்கும் கணினி விளையாட்டுக்கும் உள்ள உறவை வியாபாரிகள் தொடங்கிவைக்கவில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1971இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியருக்கு, எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்க வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் குடும்பம் குடும்பமாக மாட்டுவண்டி கட்டி மேற்கே குடியேறப் போனவர்களின் கதை. அட்டையில் ஆடும் விளையாட்டாக அதைச் செய்ய நினைத்தார். உடன் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் என்ற இரு கணக்கு ஆசிரியர்கள் கணினியில் செய்யலாம் என்றார்கள். இரண்டு வாரத்துக்குள் மூவரும் எழுதி முடித்தது 'தி ஓரிகன் டிரெயில்'. திரை கிடையாது, தொலைபேசிக் கம்பி வழியே எங்கோ இருந்த கணினியோடு பேசும் தட்டச்சுப் பொறி, அதிலிருந்து வரும் காகிதச் சுருள், அவ்வளவுதான். எவ்வளவு உணவு வாங்குவது, எவ்வளவு தோட்டா, எத்தனை உடை என்று பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். வேட்டையில் 'பேங்' என்று வேகமாகத் தட்டச்சு செய்பவருக்கு இறைச்சி கிடைக்கும். ஒரு பொறியைச் சுற்றி நின்ற பிள்ளைகள் தாங்களே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: வேகமாகத் தட்டுபவர் ஒருவர், வரைபடம் பார்ப்பவர் ஒருவர், செலவுக் கணக்குக்கு ஒருவர்.

பருவம் முடிந்ததும் ராவிட்ச் அந்த நிரலை அழித்துவிட்டு, காகித நகலை மட்டும் வைத்துக்கொண்டார். 1974இல் மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கணினி அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தபோது அதைத் திரும்பத் தட்டச்சு செய்தார். இந்த முறை, குடியேறிகள் எழுதிவைத்த நாட்குறிப்புகளைப் படித்து, நோய், வழிதவறல், கெட்டவானிலை எல்லாம் வழியில் எந்த அளவுக்கு நேர்ந்தனவோ அந்த அளவுக்கு ஆட்டத்திலும் நேரும்படி திருத்தினார். ஒரு வரலாற்று ஆசிரியரின் நேர்மை அது. அப்படியும் அது வண்டியில் போனவர்களின் கண்ணில் பட்ட வரலாறுதான். அந்த மண்ணில் முன்பே வாழ்ந்த பூர்வகுடிகள் அதில் ஓரத்தில் வந்து போனார்கள். 2021இல் வந்த புதிய பதிப்புக்குப் பூர்வகுடி வரலாற்றறிஞர்களை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். யாருடைய கண்ணால் ஆடுகிறோம் என்ற கேள்வி அங்கே போய்ச் சேர ஐம்பது ஆண்டு ஆயிற்று.

தமிழ்நாட்டுக்கு வருவோம். திரையைப் பற்றிய மிகக் கவனமான முடிவு ஒன்று சென்னையில் எடுக்கப்பட்டது. சதுரங்கத்தில் இன்று கணினி எஞ்சின்தான் பெரிய ஆசான். எந்த நிலையிலும் எது சிறந்த நகர்த்தல் என்று நொடியில் சொல்லிவிடும். குகேஷைப் பயிற்றுவித்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, அந்தச் சிறுவன் 2500 தரப்புள்ளியை எட்டும்வரை எஞ்சினைத் தொட விடவில்லை. குகேஷின் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் எஞ்சினோடு வளர்ந்த காலத்தில் இது துணிச்சலான முடிவு. விடை எப்போதும் ஒரு பொத்தான் தூரத்தில் இருந்தால், யோசிக்கும் வலியைத் தாங்கும் பழக்கம் வராது என்பது அதன் பொருள். குகேஷ் 2019 ஜனவரியில் 12 வயதில் கிராண்ட்மாஸ்டரானார். 2024 டிசம்பர் 12இல் சிங்கப்பூரில் டிங் லிரேனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியனானார்.

அதே சென்னையின் பிரக்ஞானந்தா 2022 பிப்ரவரியில், 16 வயதில், அப்போதைய உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனைத் தோற்கடித்தது ஓர் இணையப் போட்டியில். இரவு நெடுநேரம் விழித்திருந்து திரையில் ஆடிய ஆட்டம். ஒருவருக்குத் திரை எதிராளியை உலகின் மறுமூலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. இன்னொருவருக்குத் திரையிலிருந்த விடை சில ஆண்டுகள் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு முடிவுகளும் சரியானவையே. எந்த மாணவருக்கு எந்த வயதில் எது என்று தெரிந்த ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருந்ததால்தான் அவை சரியாயின. யூடியூபின் பரிந்துரை வரிசைக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது.

ஆசிரியர் இல்லாமல் திரையை மட்டும் வைத்துக் கற்பிக்க முடியுமா என்ற சோதனையும் நம் மாநிலத்தில் நடந்துவிட்டது. நாம் விரும்பி நடத்தியது அல்ல. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. இடையில் 2019இலேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பாடம் அனுப்பினார்கள். தங்கள் செலவில் வீடியோ எடுத்தவர்கள் பலர். அவர்களின் உழைப்பைக் குறைத்துப் பேச முடியாது. ஒரே கைப்பேசி இருந்த வீட்டில் அதை எடுத்துக்கொண்டு அப்பா வேலைக்குப் போய்விட்டால் அன்றைய வகுப்பு இல்லை. கைப்பேசி இருந்த வீட்டிலும் ஒரு சிக்கல் இருந்தது. பிள்ளை 'ழ'வைத் தவறாகச் சொன்னால் தொலைக்காட்சி திருத்தாது. கழித்தலில் கடன் வாங்க மறந்தால் வீடியோ நிற்காமல் அடுத்த கணக்குக்குப் போய்விடும். கடைசியில் 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பி, மாலையில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டது. அங்கே தேவைப்பட்டது காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள்.

ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீங்கள் அறியாதவை அல்ல. உலக சுகாதார அமைப்பு நோய்களின் பட்டியலில் 'கேமிங் கோளாறு' இடம்பெற்றுவிட்டது. 2022 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்தை இந்தப் பேச்சில் கல்வியோடு சேர்த்துப் பேசவே கூடாது. தமிழ்நாடு 2022இல் அதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களுக்கு அது மிகத் தாமதம்.

முடிவில்லாமல் கீழே உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ரஸ்கின், அது மனிதர்களின் நேரத்தை விழுங்குவதைக் கண்டு பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். புத்தகத்தில் அத்தியாயம் முடியும். வகுப்பில் மணி அடிக்கும். ரீல்ஸில் அப்படி ஒரு முடிவு வராது. எழுந்து போய்ச் செய்து பார்ப்பதற்கான இடைவெளியை அது தருவதில்லை. பதின்வயதினரின் கற்றலுக்கு அது செய்யும் பெரிய தீங்கு அதுதான். அதில் வரும் பாட்டும் ஆட்டமும் அந்த அளவுக்குத் தீங்கில்லை. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழுள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்ளத் தடை விதித்திருக்கிறது. கணக்கு இல்லாமலேயே அவர்கள் யூடியூப் பார்க்கலாம் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. அந்தத் தடை கணக்கையும் அதன் வழி வரும் வலையையும் குறிவைக்கிறது. பார்த்துக் கற்பதைத் தடுக்கவில்லை.

இனி, இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள்.

ஜேம்ஸ் பால் ஜீ அமெரிக்க மொழியியலாளர். வீடியோ கேமிலிருந்து கற்றலைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளலாம் என்று 2003இல் அவர் எழுதிய நூல் இந்தத் துறையில் இன்றும் முதலில் படிக்கப்படுவது. அது தொடங்கியது அவருடைய சின்ன மகன் விளையாடியபோது பக்கத்தில் உட்கார்ந்ததில். பிறகு பெரியவர்களுக்கான விளையாட்டொன்றை ஐம்பது வயதைத் தாண்டிய அவரே ஆடிப் பார்த்தார். திரும்பத் திரும்பத் தோற்றார். இவ்வளவு கடினமான, இவ்வளவு நீளமான ஒன்றைப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிப் பாடுபட்டுக் கற்கிறார்களே, பள்ளிப் பாடத்தில் ஏன் அப்படி நடப்பதில்லை என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது. உங்கள் பிள்ளையின் அருகிலும் ஒரு மாலை உட்காருங்கள். உங்களுக்கு ஆடக் கற்றுத்தரச் சொல்லுங்கள். சொல்லித்தரும்போது எதை எப்படி விளக்குகிறது, எங்கே திணறுகிறது என்று கவனித்தால், அது கற்றது எது, வெறுமனே பார்த்தது எது என்பது புலப்பட்டுவிடும்.

பள்ளிகளுக்கும் ஒன்று. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது. மாதம் ஒருமுறை, மாணவர்கள் திரையில் பார்த்ததைச் செய்துகாட்டும் ஒரு மாலையை அங்கே தொடங்கலாம். நிபந்தனை ஒன்றே: வீடியோவைப் போட்டுக் காட்டக் கூடாது, அதைப் பார்த்துத் தான் செய்ததைக் கொண்டுவர வேண்டும். பழுது பார்த்த மிக்சி, எழுதிய நிரல், வரைந்த படம், ஆங்கிலத்தில் ஐந்து நிமிடப் பேச்சு, எதுவானாலும் சரி. எங்கே தவறியது, எப்படித் திருத்தினேன் என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் கேள்வி கேட்க வேண்டும்.

நீளம் தாண்டும் மாணவிக்கு இன்னும் எளிது. அவள் தாண்டுவதைத் தோழி கைப்பேசியில் எடுக்கட்டும். பெரிய வீராங்கனையின் வீடியோவையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பலகையில் கால் படும் இடத்தை நிறுத்திப் பார்க்கட்டும். மறுபடி தாண்டட்டும், அளவுநாடாவால் அளக்கட்டும். இதற்கு ஒரு கைப்பேசி போதும், மணல் நிரப்பிய குழி வேண்டும், அருகில் நின்று பார்க்க உடற்கல்வி ஆசிரியர் வேண்டும். கைப்பேசி அநேகமாக எல்லா ஊரிலும் வந்துவிட்டது. மணல் குழியும் உடற்கல்வி ஆசிரியரும் இல்லாத பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. இருக்கும் பள்ளிகளிலும், பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுத்துவிடுகிறார்கள். இந்த ஊர்ப் பள்ளிகளில் அந்த பீரியடை வரும் திங்கட்கிழமை முதல் பிள்ளைகளுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று, இங்கே வந்திருக்கும் தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.